கோர்வை அறுபடலாமா?

தியாகராய நகரின் பட்டுக் கடைகளில் முகூர்த்தப் புடவை எடுக்க வருவோர் பல கேள்விகளைக் கேட்கின்றனர். சரிகை அசல்தானா, சாயம் போகுமா, எடை எவ்வளவு, தள்ளுபடி உண்டா என்றெல்லாம் விசாரிக்கின்றனர். “இது கோர்வையா?” என்று கேட்போர் அருகிவிட்டனர். ஒரு தலைமுறைக்கு முன் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வாழ்ந்த பாட்டிமார் பலர் முதலில் கேட்ட கேள்வி அதுதான். புடவையைப் புரட்டி, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே அவர்கள் விலை பேசத் தொடங்குவார்கள். அந்தக் கேள்வி மறைந்ததற்கும் அந்த நெசவு அருகி வருவதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சிபுரம் பட்டின் அழகைப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதிலுள்ள உருவங்களையே பேசுகிறோம். மயில், அன்னம், யாளி, மாங்காய், கோபுரம் என்று பட்டியல் நீளும். இந்த உருவங்களை எவரும் நகலெடுக்கலாம். ஒரு புகைப்படமும் கணினியும் இருந்தால், எங்கோ ஓர் ஊரின் விசைத்தறியில் அதே மயிலை மிகக் குறைந்த செலவில் நெய்துவிட முடியும். நகலெடுக்கக் கடினமானது, கரையும் உடலும் முந்தியும் தத்தம் நிறம் கெடாமல் ஒரே துணியாகச் சேரும் முறை. காஞ்சிபுரத்தின் வடிவ மரபு அந்த முறையில்தான் உயிர்வாழ்கிறது. நம்முடைய சட்டங்களும் சந்தையும் ஊரின் பெயரையும் கடையின் பெயரையும் போற்றுகின்றன. அந்த முறையைக் கையில் வைத்திருப்பவரை அவை காண்பதில்லை.

மூன்று நாடாக்கள்

நீளவாட்டில் கட்டிய பாவு இழைகளின் ஊடே குறுக்காக ஊடை இழையைச் செலுத்துவதே நெசவு. ஊடையை ஏந்திச் செல்லும் கருவி நாடா. சாதாரணப் புடவையில் ஒரே நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடித் திரும்பும். அப்படி நெய்தால், கரையின் பாவுக்கு எந்த நிறம் கொடுத்தாலும், உடலின் ஊடை நிறம் அதில் கலந்துவிடும். பச்சை உடலுக்குச் சிவப்புக் கரை வைத்தால் கரை தூய சிவப்பாக இராது; பச்சை ஊடை கலந்து மங்கித் தெரியும்.

இந்தக் கலப்பைத் தவிர்க்கும் வழியே கோர்வை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் இயங்கும். உடலின் ஊடை கரையின் எல்லையில் நின்று, கரையின் ஊடையோடு கொக்கிபோல் கோத்துக்கொண்டு திரும்பும். தறியில் அமர்ந்த நெசவாளர் உடலையும் ஒரு பக்கக் கரையையும் கவனிக்க, மறு பக்கக் கரையின் நாடாவை இன்னொருவர் தள்ளுவார். இருவரின் கையும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். இழை சற்றுத் தளர்ந்தால் எல்லையில் கண்ணி தொங்கும். சற்று இறுகினால் துணி சுருங்கும். ஐந்தரை மீட்டர் புடவையில் இந்தக் கோப்பு பல்லாயிரம் முறை நிகழ்கிறது. சரிகை வேலையின் அளவைப் பொறுத்து, ஒரு புடவை தறியிலிருந்து இறங்கப் பத்து நாள் ஆகலாம். இருபது நாளும் ஆகலாம்.

முந்தியில் இதே சிக்கல் வேறு திசையில் வருகிறது. உடலின் பாவு பச்சையாக இருக்க, முந்தி முழுச் சிவப்பாக அமைய வேண்டுமானால் பாவையே மாற்றியாக வேண்டும். உடலின் பாவு முடியும் இடத்தில், முந்திக்கான புதிய பாவை இழைக்கு இழை பிணைத்து நெசவைத் தொடர்வார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். உடலும் முந்தியும் சந்திக்கும் இடத்தில் சற்றுத் தடித்த ஒரு கோடாக அது தெரியும். விவரம் அறியாதவர்கள் அதை நெசவுப் பிழை என்று நினைத்துப் புடவையைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு.

தென்னிந்தியர் பெரிதும் விரும்பும் எதிர்நிறச் சேர்க்கைகள் எல்லாம் இந்த இரு உத்திகளின் பயன்கள். அரக்குக்குப் பச்சை, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ, கறுப்புக்குச் சிவப்பு என்று எந்த இணையை எடுத்துக்கொண்டாலும், இரு நிறங்களும் ஒன்றையொன்று கெடுக்காமல் அருகருகே நிற்பதால்தான் அந்தச் சேர்க்கை எடுபடுகிறது. கரை சேரும் கோட்டை ஒட்டி முக்கோணப் பற்களாக ஏறி இறங்கும் வடிவத்தைக் கோபுரம் என்றும், தாழை மடலின் முள் விளிம்பை ஒத்திருப்பதைத் தாழம்பூ ரேக்கு என்றும் சொல்கிறோம். இரு நிறங்கள் சந்திக்கும் எல்லைக்கு நெசவாளர் கண்ட அலங்காரங்கள் இவை.

வடிவங்களின் சொல்வளம்

நெசவாளரும் வணிகரும் பயன்படுத்தும் வடிவப் பெயர்களைத் தொகுத்தால் ஒரு சிறு அகராதியே உருவாகும். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, சலங்கை, வங்கி, வைரஊசி, முத்துக்கட்டம், ஆயிரம்புட்டா, இருதலைப்பட்சி ஆகியவை அவற்றுள் சில. கோயில் தூணிலிருந்து வந்தவை என்று இவை அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். யாளிக்கும் அன்னத்துக்கும் அது பொருந்தலாம். மல்லிமொக்கு முற்றத்திலிருந்து வந்தது. சலங்கையும் வங்கியும் நகைப்பெட்டியிலிருந்து வந்தவை. இருதலைப்பட்சி மைசூர் அரசின் சின்னமாகவும் விளங்கிய கண்டபேரண்டம். “பாலும் பழமும்” கட்டம் 1961இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயரைத் தாங்கியது. புதிய பொருளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே பழைய இலக்கணத்தைக் காத்து வந்த மரபு இது என்பதற்கு இந்தப் பெயர்களே சான்று.

அந்த இலக்கணம் எழுதி வைக்கப்பட்ட விதமும் காலத்துக்கேற்ப மாறியது. ஜக்கார்டு வருவதற்கு முன், காஞ்சிபுரத்தில் அடை என்ற முறை இருந்தது. எந்தெந்தப் பாவு இழைகள் எந்த வரிசையில் எழ வேண்டும் என்பதை நூல்களால் கட்டித் தறியோடு இணைத்துவிடுவார்கள். உதவியாளர் அந்த நூல்களை முறைப்படி இழுக்க, நெசவாளர் சரிகை ஊடையைச் செலுத்துவார். ஒரு வடிவம் என்பது அன்று ஒரு நூற்கட்டு. அதை வாசிக்கத் தெரிந்தவர் கையில்தான் அதற்குப் பொருள்.

பிரான்சில் 1804ஆம் ஆண்டில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி, துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தேர்ந்து தூக்கியது. சார்லஸ் பாபேஜின் கணிப்பொறிக் கனவுக்கு அந்த அட்டைகளே தூண்டுகோலாயின என்பது கணினி வரலாற்றில் நன்கு தெரிந்த செய்தி. அது காஞ்சிபுரத் தறிகளுக்கு ஏறியபோது, வடிவம் கட்டத்தாளுக்கு இடம்பெயர்ந்தது. கட்டத்தாளில் உள்ள ஒவ்வொரு கட்டமும் தறியில் இழைகளின் ஒரு சந்திப்பைக் குறிக்கும். வரைபவர், அட்டை குத்துபவர், நெய்பவர் என்று வேலை பிரிந்தது. இதனால் அடை மறைந்தது. ஆனால் வடிவங்களின் வீச்சு பெருகியது. எல்லா இயந்திரமும் கலைக்குப் பகை என்று வாதிடுவோர் இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். கோர்வையை வைத்துக்கொண்டே காஞ்சிபுரம் ஜக்கார்டை ஏற்றுக்கொண்டது.

வடிவம் யாருடையது?

நெசவாளர் எல்லாக் காலத்திலும் பெயரற்றவராக இருந்தவர் அல்லர். இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் குறித்து 1985இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் விஜயா ராமசுவாமி, கல்வெட்டுகளிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்காட்டுகிறார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சிபுரத்துக் கைக்கோளர்கள் பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமை பெற்றிருந்தனர். அதை முன்மாதிரியாகக் காட்டிப் பிற ஊர்க் கைக்கோளர்களும் அதே உரிமையைப் பெற்றனர். தேவர்களுக்குத் தாமரை நூலால் ஆடை நெய்த பாவன ரிஷியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது பத்மசாலியரின் குலக்கதை. தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயரே தேவாங்க நெசவாளர் சமூகத்தவர்தான். பட்டுக்கடைகளின் வரிசையாக அந்நகர் இன்று விளங்குவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரப் பட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் சென்னையின் பங்கு பெரியது. 1928இல் சின்னசாமி செட்டியார் தியாகராய நகரில் தொடங்கிய நல்லி கடையும், அதைத் தொடர்ந்து வந்த பல கடைகளும், எந்த நிறம் விற்கும், எந்தக் கரை விற்காது என்ற தகவலைத் தறிவரை கொண்டு சென்றன. அடையாறில் 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்திரா, நடனத்தோடு நெசவையும் தன் பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது. பழம்புடவைகளின் அகலக் கரைகளும் எதிர்நிறங்களும் அங்கே மறுவாழ்வு பெற்றன; கலாக்ஷேத்திரா புடவை என்ற சொல்லே ஒரு தனி ரசனையைக் குறிக்கலாயிற்று. 1950களில் புபுல் ஜயகரின் முயற்சியால் உருவான நெசவாளர் சேவை மையங்கள் ஓவியர்களைத் தறிக்கு அருகில் அழைத்து வந்தன. ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் போன்ற சென்னையின் முன்னணி ஓவியர்கள் அந்த மையங்களில் பணியாற்றியவர்கள்.

அணிபவர்களும் வடிவத்தை உருவாக்கினார்கள். மார்கழிக் கச்சேரி மேடைகளில் எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய ஆழ்ந்த நீலம் “எம்.எஸ். நீலம்” என்றே பெயர்பெற்றது. அந்த நிறத்தை அவருக்காக உருவாக்கித் தந்தவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த முத்துச் செட்டியார். நிறத்துக்கு நிலைத்த பெயர் அணிந்தவருடையது. அதில் தவறில்லை, ரசிகர்களின் அன்பு அப்படிப் பெயர் வைத்தது. ஆனால், பெயர்கள் எந்தப் பக்கம் போய்ச் சேர்கின்றன என்பதை இந்தச் செய்தி காட்டுகிறது. வடிவத்தை உருவாக்குவதில் நெசவாளர், வரைபவர், வணிகர், நிறுவனம், அணிபவர் என ஐவரின் கை இருக்கிறது. பெயரும் பெரும்பங்கு ஆதாயமும் முதல் இருவரிடம் வருவதில்லை.

நவஹோ தரும் பாடம்

இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் நவஹோ பழங்குடியினர் கம்பளி நெசவில் உலகப் புகழ் பெற்றவர்கள். நெசவைத் தங்களுக்குக் கற்பித்தவள் சிலந்திப் பெண் என்பது அவர்களின் தொன்மம். செங்குத்தான தறியில், வரைபடம் ஏதுமின்றி மனத்திலுள்ள வடிவத்தை நெய்வது அவர்களின் வழக்கம். நிறங்கள் மாறும் எல்லையில் இரு ஊடை இழைகளையும் ஒன்றோடொன்று கோத்துத் திருப்பும் உத்தி அங்கும் உண்டு. நம் கோர்வைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று அதைச் சொல்லலாம்.

1864இல் அமெரிக்கப் படைகள் நவஹோக்களை அவர்களின் நிலத்திலிருந்து வெளியேற்றி, நெடுந்தொலைவு நடத்திச் சென்று அடைத்து வைத்தன. 1868இல் அவர்கள் ஊர் திரும்பியபோது ஆட்டு மந்தைகள் அழிந்திருந்தன. அதன்பின் அவர்களின் நெசவு, வெள்ளை வணிகர்கள் நடத்திய வணிகச் சாவடிகளைச் சார்ந்து வளர்ந்தது. தோளில் போர்த்தும் போர்வையாக இருந்தது, கிழக்கு நகரங்களின் வீடுகளுக்கான தரைவிரிப்பாக மாறியது. கனாடோ என்ற ஊரில் சாவடி நடத்திய லாரன்சோ ஹப்பெல், தமக்குப் பிடித்த வடிவங்களை ஓவியங்களாகத் தீட்டச் செய்து நெசவாளர்கள் பார்க்கும்படி மாட்டி வைத்தார். ஜே.பி. மூர் என்ற வணிகர் 1911இல் அச்சிட்ட விலைப்பட்டியலின் வழியே கீழைநாட்டுக் கம்பளங்களின் சாயல் கொண்ட வடிவங்கள் பரவின. இன்று ஆய்வாளர்கள் வகைப்படுத்தும் கனாடோ, டூ கிரே ஹில்ஸ், டீக் நோஸ் போஸ் போன்ற பாணிகள் பெரும்பாலும் சாவடி இருந்த ஊர்களின் பெயர்களையே தாங்கியுள்ளன.

வணிகரின் தலையீட்டால் நவஹோ நெசவு போலியாகிவிட்டதா? இல்லை என்றே இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். வந்த வடிவத்தை நெசவாளப் பெண்கள் தங்கள் இலக்கணத்துக்குள் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். ஆனால், பெயரை மீட்டுக்கொள்ள அவர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1990இல் அமெரிக்காவில் வந்தது. தம் பெயரைப் பயன்படுத்தியதற்காக ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின்மீது நவஹோ தேசம் 2012இல் தொடுத்த வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது. இன்று அந்தக் கம்பளங்களை விற்கும் நல்ல கூடங்களில் நெய்தவரின் பெயரும் சேர்த்தே குறிக்கப்படுகிறது. வாங்குபவருக்கு அந்தப் பெயரே தரத்துக்கான உறுதி.

இரண்டாவது ஆளின் கூலி

நம் ஊருக்குத் திரும்புவோம். கோர்வை ஏன் குறைகிறது? விடை எளிது: அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் யாராக இருந்தார் என்பதை நாம் கூசாமல் பேச வேண்டும். பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. சில வீடுகளில் நெசவாளரின் சொந்தப் பிள்ளை. பல இடங்களில் முன்பணம் வாங்கிய ஏழைக் குடும்பத்தின் பிள்ளை. காஞ்சிபுரம் உள்ளிட்ட இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் உழைப்பு இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்தது. அரசு நடவடிக்கைகளும் பள்ளிக்கல்வியின் பரவலும் அந்தக் குழந்தைகளைத் தறியிலிருந்து பெருமளவு விடுவித்தன. இது தமிழகம் பெருமைப்பட வேண்டிய மாற்றம். பழைய கோர்வைப் புடவையின் விலை குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம், அதில் ஒரு குழந்தையின் கூலி சேர்க்கப்படாமல் போனதுதான்.

குழந்தை போன இடத்தில் வயதுவந்த ஒருவரை அமர்த்தினால், அவருக்கு முழுக்கூலி தர வேண்டும். பெரும்பாலும் நெசவாளரின் மனைவி அந்த இடத்தில் அமர்கிறார். அவருடைய உழைப்பு குடும்பத்தின் கூலிக்குள் கரைந்துவிடுகிறது. தார் சுற்றுவது முதல் பாவு பிணைப்பதுவரை அவர் ஏற்கெனவே செய்துவந்த வேலைகளைப் போலவே. அவரும் முடியாதபோது, நெசவாளர் ஒற்றை நாடாப் புடவைக்கு மாறிவிடுகிறார். 2019–20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர். பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை சுமார் 43 லட்சம். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன. இந்த வருவாயில் ஒருவர் தம் மகனையோ மகளையோ தறியில் அமரச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நல்ல பொருளுக்கு நல்ல விலை தரச் சந்தையில் ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். திருமணப் புடவைக்கு அரை லட்சம், ஒரு லட்சம் கொடுப்போர் சென்னையில் குறைவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பொருளியல் வகுப்புகளில் பல ஆண்டுகள் நான் கற்பித்த பாடங்களுள் ஒன்று, ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் ஓர் உண்மையை நிறுவினார். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் தருவார். உயர்ந்த பொருளை வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். அவர் விலக, சராசரி மேலும் தாழும். இந்த ஆய்வுக்காக அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பட்டுக்கடையின் கண்ணாடி அலமாரியில் நடப்பது இதுவே. கோர்வைப் புடவை, ஒற்றை நாடாக் கைத்தறிப் புடவை, விசைத்தறிப் புடவை மூன்றும் அருகருகே அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றிலும் அதே மயில். மூன்றும் “காஞ்சிபுரம்” என்ற பெயராலேயே விற்கப்படுகின்றன. வேறுபாட்டை அறியாத வாடிக்கையாளர், கோர்வைக்கு மட்டும் ஏன் கூடுதலாகத் தர வேண்டும் என்று கேட்பது இயல்பு. ஆகவே கடைக்காரரும் கோர்வைக்கு ஆர்டர் கொடுப்பதைக் குறைக்கிறார்.

விசைத்தறிப் புடவையைக் குறைசொல்வது என் நோக்கமன்று. குறைந்த விலையில் பளிச்சென்று ஒரு புடவை உடுத்த விரும்பும் பெண்ணுக்கு அது ஒரு வரம். விசைத்தறியில் உழைப்பவர்களும் தொழிலாளர்கள்தாம். ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்பதே பிழை. அந்தப் பிழையின் முழுச்சுமையும், இறுதியில், கோர்வை நெய்யத் தெரிந்தவர்மீது விழுகிறது.

சட்டம் காப்பது எதை?

நம்மிடம் சட்டங்கள் இல்லாமலில்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்குகிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டு 2005–06இல் பதிவு பெற்றது. பட்டின் தூய்மைக்குச் சில்க் மார்க் 2004 முதலும், கைத்தறி என்பதற்கு உறுதியாகக் கைத்தறி முத்திரை 2006 முதலும் இருக்கின்றன. முதலாவது தேசியக் கைத்தறி நாள் 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில்தான் கொண்டாடப்பட்டது.

இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை தருகின்றன. பட்டு அசலா, தறி கைத்தறியா, ஊர் காஞ்சிபுரமா என்பவை அக்கேள்விகள். நெசவு முறை எது, நெய்தவர் யார் என்ற கேள்விகளுக்கு இந்த முத்திரைகளில் விடை இல்லை. வடிவச் சட்டம் 2000, புதுமையான வடிவத்துக்குப் பத்தாண்டும் அதன்மேல் ஐந்தாண்டும் உரிமை தருகிறது. தலைமுறைகளாக வழங்கிவரும் வடிவம் புதியதல்ல என்பதால் அது அந்தச் சட்டத்துக்குள் வராது. மரபு வடிவத்தில் ஒரு நெசவாளர் செய்யும் நுட்பமான மாற்றத்தைப் பதிவுசெய்ய அவருக்கு நேரமும் பணமும் இல்லை. மரபைக் காத்தவருக்கு மரபின்மீது எந்த உரிமையும் இல்லாத நிலை இது.

வடிவத்தைக் காப்பது மட்டும் போதாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கொடாலிக்கருப்பூரில், தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகச் சரிகையிட்டு நெய்து, அதன்மேல் சாயமிட்டு எழுதிய அரிய புடவைகள் உருவாயின. 1855இல் அந்த அரசு மறைந்தது; ஆதரித்தோர் போனபின் அந்தத் தொழிலும் சில பத்தாண்டுகளில் மறைந்தது. இன்று அந்தப் புடவைகளை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அவற்றின் வடிவங்களை வரைந்து காட்டுவோர் இருக்கிறார்கள். நெய்து, எழுதி, சாயமேற்றிய அந்தக் கைகளின் தொடர்ச்சி அறுந்துவிட்டது. பின்னாளில் அதை மீட்க நடந்த முயற்சிகள் எல்லாம், ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தன.

செய்யக்கூடியவை

கோர்வை அந்த நிலைக்கு இன்னும் போகவில்லை. அதை நெய்யத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில்தான் உள்ளன.

முதலாவது, சீட்டு. 1935இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளரின் படத்தையும் பெயரையும் புடவையோடு இணைத்துத் தந்தது. அந்த நல்ல முன்மாதிரி எல்லாக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனியார் கடைகளுக்கும் பரவ வேண்டும். நெய்தவர் பெயர், உதவியவர் பெயர், கோர்வையா, பெட்னியா, எத்தனை நாள் வேலை என்ற ஐந்து செய்திகள் சீட்டில் இருந்தால் போதும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகவல் இடைவெளி பெருமளவு குறைந்துவிடும். இதற்குப் பெரிய செலவில்லை.

இரண்டாவது, கூலி. கூட்டுறவுச் சங்கங்களின் கூலி நிர்ணயத்தில், கோர்வைக்கு வயதுவந்த இருவரின் உழைப்பு எனத் தனியே கணக்கிட்டு, இரண்டாவது கூலி அவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட வேண்டும். அப்போது நெசவாளரின் மனைவி “உதவி” என்ற நிலையிலிருந்து தொழிலாளி என்ற நிலைக்கு உயர்வார். புடவையின் விலை அதனால் ஓரளவு ஏறும், ஏற வேண்டியதுதான்.

மூன்றாவது, ஆவணம். கட்டத்தாள்களும், எங்கேனும் எஞ்சியிருக்கும் அடைகளும், பழம்புடவைகளும் தனியார் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. நெசவாளர் சேவை மையங்களும் கலாக்ஷேத்திரா போன்ற நிறுவனங்களும் கைகோத்து, அவற்றை எண்ம வடிவில் தொகுக்க வேண்டும். அந்தத் தொகுப்பிலிருந்து வணிகப் பயன் எடுப்போர், நெசவாளர் நலநிதிக்கு ஒரு பங்கு தரும்படி விதிமுறை வகுப்பதும் இயலாத காரியமன்று.

நான்காவது, வாங்குபவர்களாகிய நாம். அடுத்த முறை பட்டுப்புடவை எடுக்கும்போது அதைப் புரட்டிப் பாருங்கள். கரையில் ஓடும் ஊடை கரையின் நிறத்திலேயே இருக்கிறதா, உடலின் நிறத்திலா? கரை சேரும் கோட்டில் இழைகள் கோத்திருப்பது விரலுக்குத் தட்டுப்படுகிறதா? முந்தி தொடங்கும் இடத்தில் பெட்னியின் தடித்த கோடு உண்டா? கடையிலிருப்பவரிடம் “இது கோர்வையா? நெய்தவர் யார்?” என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அவர் தம் கொள்முதல் அதிகாரியைக் கேட்பார். அவர் காஞ்சிபுரத்தைக் கேட்பார். தேவை என்று பொருளியல் நூல்கள் சொல்வது, நடைமுறையில், இப்படிக் கடைகளில் எழும் கேள்விகளின் கூட்டுத்தொகைதான். நூறு பேர் கேட்டால் கடைக்காரர் சீட்டு எழுதுவார். ஆயிரம் பேர் கேட்டால், தறியின் மறுபக்கத்தில் இரண்டாவது ஆளுக்கு முறையான கூலியோடு ஓர் இடம் கிடைக்கும்.